வீட்டுக்குள் பெட்டி ஆமை: முதலில் ஃபினாயில் வாளியைத் தள்ளி வையுங்கள்

எங்கள் வீட்டில் விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஃபினாயில் ஊற்றி மூலை முடுக்கெல்லாம் துடைத்து எடுத்தால்தான் அம்மாவுக்குக் காபி இறங்கும். கோயம்புத்தூரில் பாதி வீடு இப்படித்தான். அதனால் நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது தன் பெட்டி ஆமையை எங்களிடம் விட்டுப் போனபோது, அதன் தொட்டியையும் நாங்கள் அதே மாதிரிதான் வைத்துக்கொண்டோம். அடியில் நியூஸ்பேப்பர், தினமும் புதுப் பேப்பர், ஓரமெல்லாம் ஃபினாயில் தொட்ட துணியால் துடைப்பு. பளிச்சென்று இருக்கும். ஒன்றரை மாதத்தில் ஆமையின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, மூக்கில் ஒழுகியது, தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் செல்போனில் தொட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படிக் காயப் போட்டு வெச்சா அது எப்படிங்க பொழைக்கும்?" என்றார். மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான் எழுதினார்.

புதிதாக வளர்க்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நமக்குச் சுத்தம் என்றால் காய்ந்த தரை. பெட்டி ஆமைக்குச் சுத்தம் என்றால் ஈர மண்ணும் அழுக்கில்லாத தண்ணீரும். அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளில், மழையில் ஊறிய இலைச்சருகுக்குள் புதைந்து கிடக்கிற உயிர் அது. அடிவயிற்று ஓட்டில் கீல் மாதிரி ஒரு மடிப்பு உண்டு. பயந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, டிபன் பாக்ஸ் மாதிரி இறுக்கி மூடிக்கொள்ளும். பெயர் அதனால் வந்தது. பெரிதானாலும் ஒன்றரைச் சாண் வராது, பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர்தான். ஆனால் நன்றாக வைத்துக்கொண்டால் 40, 50 வருடம் இருக்கும், அதற்கு மேலும் இருப்பதுண்டு. அதாவது, இன்றைக்கு நீங்கள் போடும் தொட்டியை உங்கள் பிள்ளைதான் கழுவப் போகிறது.

தொட்டிக்குப் போகும் முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒறம்பரை வரும்போதெல்லாம் எங்கள் பெரியம்மா "ஆமை பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் வெளங்குமா கண்ணு?" என்று கேட்காமல் போவதில்லை. நம் ஊர் ஆமையாக இருந்தால் பழமொழி அப்படியே பலிக்கும், அமீனாவுக்குப் பதில் வனத்துறை வரும். நட்சத்திர ஆமை, கிணற்றில் தூர் வாரும்போது கிடைக்கும் ஆமை, குளத்து ஆமை, இவை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நேரடியாகக் குற்றம். பெட்டி ஆமை வெளிநாட்டு இனம். ஆனால் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், 2022-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதையும் பதிந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். காகிதம் இல்லாமல் "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது நீட்டினால் கை நீட்டாதீர்கள்.

சரி, தொட்டி.

கண்ணாடித் தொட்டி வாங்காதீர்கள். மீன் கடையில் அதைத்தான் தலையில் கட்டுவார்கள். பெட்டி ஆமைக்குக் கண்ணாடி என்றால் என்னவென்றே புரியாது. வெளியே தெரிகிற இடத்துக்குப் போயே தீருவேன் என்று நாள் முழுக்க மூக்கை முட்டி முட்டி நடக்கும். பக்கச் சுவர் பார்வையை மறைக்க வேண்டும். நான் தச்சரிடம் சொல்லி, தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட்டில் 4 அடி நீளம், 2 அடி அகலத்துக்கு, மேலே திறந்த பெட்டி ஒன்று அடித்து வாங்கினேன். ஒரு ஆமைக்கு இதுதான் குறைந்தபட்சம், இடம் இருந்தால் இன்னும் பெரிதாகப் போடுங்கள். உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் இது ஏறும். பார்த்தால் நம்ப மாட்டீர்கள், மூலையில் காலை ஊன்றி ஆள் மாதிரி ஏறும். உள்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து ஓரத்தை மேலே மடக்கி அடித்துவிட்டால் பலகை ஊறாது. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கனமான பாய் இன்னும் நல்லது, மிச்சத் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

அடுத்தது மண். இந்த ஒரு விஷயத்தில் நம்மைப் போல் கொடுத்து வைத்தவர்கள் உலகத்தில் இல்லை. பெட்டி ஆமை வளர்க்கிற அமெரிக்கக்காரர் செல்லப்பிராணிக் கடையில் காசு கொடுத்து வாங்கும் தென்னை நார்த்தூள் பொள்ளாச்சியில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிறது. கிணத்துக்கடவு தாண்டினாலே ரோட்டோரம் தேங்காய் நார் பிரிக்கும் மஞ்சி மில்லும் தூள் மேடும்தான். ஆனால் அந்த மேட்டிலிருந்து ஒரு சாக்கு அள்ளி வந்து கொட்டிவிடாதீர்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு, கழுவாத தூளில் அது அப்படியே இருக்கும். கழுவிய தூள் தனியாகக் கட்டியாக அழுத்தி வருகிறது, 'லோ இசி', அதாவது உப்புக் குறைவானது, என்று கேட்டால் தெரியும். நான் கேட்கப் போன இடத்தில், "எந்தச் செடிக்குங்க?" என்றார். "செடிக்கு இல்லீங்க, ஆமைக்குங்க" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, ஒரு கட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு உடைந்த கட்டி ஒன்றைச் சும்மா போட்டார்.

5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60, 70 லிட்டர் வரும். பெரிய அண்டாவில் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊற வையுங்கள். அதோடு ஒரு வாளிச் செம்மண், உரமும் பூச்சிமருந்தும் படாத இடத்து மண்ணாகப் பார்த்து, சலித்துக் கலந்தால் 4 அடித் தொட்டியில் ஐந்து விரற்கடை உயரத்துக்கு, அதாவது 10, 12 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். இது முழுசாகப் புதைந்துகொள்ள அந்த ஆழம் வேண்டும். மேலே காய்ந்த மாவிலை, கொய்யா இலை, பலா இலை என்று கையளவு கையளவாகத் தூவுங்கள். அரளி மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது, இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். மரக்கடைத் தூள், வெறும் மணல், மீன்தொட்டிக் கூழாங்கல் இவையும் வேண்டாம். தூள் மூக்கில் ஏறும், மணலும் கல்லும் தீனியோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும்.

ஈரம் எவ்வளவு? கை நிறைய அள்ளி இறுகப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தாரையாக ஒழுகினால் அதிகம், அது ஓட்டைப் புழுங்க வைத்து அழுகல் கொண்டுவரும். பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. மேல்பரப்பு லேசாக உலர்ந்தும் அடிப்பக்கம் ஈரமாகவும் இருப்பதுதான் சரியான பதம். அதற்கு மேலே ஸ்பிரே அடித்துக்கொண்டே இருப்பதைவிட, நாலு மூலையிலும் ஒரு டம்ளர் ஒரு டம்ளராக ஊற்றிவிடுவது மேல்; அடியில் பரவி மெதுவாக ஏறி வரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, சுவரில் உயரத்தில் மாட்டாமல் ஆமை நடக்கிற மட்டத்தில் வையுங்கள். 60-க்கும் 80-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி ஆடியில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பெரிய சிரமம் இல்லை. மாசி பங்குனியில் மத்தியானம் மீட்டர் 40-க்குக் கீழே விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல்லடம், கரூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வேலை அதிகம். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே தொட்டியை வைத்துவிட்டு எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்த் தட்டுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு, ஒரு அடி அகலத்தில், போதும். மண்ணில் கொஞ்சம் பதித்து வைத்தால் ஏறி இறங்கச் சுலபம், கவிழவும் செய்யாது. தண்ணீர் அதன் தாடை அளவுக்கு மேல் போகக் கூடாது, இது நீச்சல் ஆமை இல்லை. இறங்கி உட்கார்ந்து குடிக்கும், ஊறும், அப்புறம் அதிலேயே வெளிக்கும் போகும். தவறாமல். எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு மாற்றினால் ஏழே காலுக்கு வேலையை முடித்துவிடுகிறது. எனவே தினமும் ஒருமுறை கண்டிப்பாக, அசுத்தமானால் அப்போதே மறுபடியும். சிறுவாணியோ ஆழியாறோ பவானியோ, எந்த ஆற்றுக் குழாய்த் தண்ணீர் வந்தாலும் முதல் நாள் ராத்திரியே ஒரு போசியில் பிடித்துத் திறந்து வைத்துவிட்டால் குளோரின் வாடை போய்விடும். போர் தண்ணீர்தான் வழி என்றால் தட்டில் வெள்ளைப் படலம் ஒட்டும். வாரம் ஒருமுறை வினிகரில் ஊற வைத்துத் தேய்த்து நன்றாக அலசுங்கள்.

வெளிச்சம். ஜன்னல் வழியாக வெயில் வருகிறதே என்று விட்டுவிட முடியாது, ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய யூவிபி கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. ஊர்வனவற்றுக்கென்று விற்கும் யூவிபி டியூப், 5 சதவீதம் என்று போட்டிருக்கும், அதை ஒன்றரை அடி உயரத்துக்குள் மாட்டி, தினமும் 12 மணி நேரம் எரிய விடுங்கள். வருடம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கும், கதிர் மட்டும் தீர்ந்திருக்கும். காலை வெயிலில் கால் மணி, அரை மணி பொடக்காணியில், அதாவது வீட்டுக் கொல்லையில், விடுவதும் நல்லது, நிழலும் பக்கத்தில் இருக்கிற மாதிரி. ஆனால் காக்கா, நாய், பூனை மூன்றும் உங்களைவிட உஷார், ஆகவே கூடவே நில்லுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு இடம் கட்டாயம்: பாதியாக உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வையுங்கள், முடிந்தது.

இனி அன்றாடம். இதற்கு நிஜமாகவே ஐந்து நிமிடம்தான் ஆகும். தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுவது. மண்ணில் கிடக்கும் எச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து ஒரு பழைய கரண்டியால் அள்ளிவிடுவது. மிச்சத் தீனியை எடுப்பது. தீனி வைக்க ஒரு சாண் அகலக் கடப்பைக்கல் துண்டு போட்டிருக்கிறேன். கழுவ எளிது, நகமும் அலகும் அதில் உரசித் தேய்கின்றன. மண்புழு, பப்பாளி, பூசணி, சிப்பிக் காளான், முசுக்கொட்டை இலை எல்லாம் தின்னும். உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற சொந்தக்காரர் இருந்தால் உங்கள் ஆமைக்கு யோகம்தான், புழுவைக் கண்டதும் கழுத்து ஒரு முழம் நீளும். எதை வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்க விடாதீர்கள். விட்டால் எறும்பு.

எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ராத்திரி பப்பாளித் துண்டை மறந்துவிட்டேன், காலையில் வரிசை கட்டி ஏறியிருந்தது, ஆமை இறுக மூடிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. பதறிப்போய் எறும்புச் சாக்பீஸைக் கையில் எடுத்தேன், நல்லவேளை கோடு போடவில்லை. அந்தச் சாக்பீஸ், பூச்சி ஸ்பிரே, கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு மருந்து எதுவும் அந்த அறைக்கே வேண்டாம். இது தரையோடு தரையாக மூச்சு விடும் பிராணி. அதற்கு எங்கள் அமுச்சி வீட்டு வழிதான் சரி. அந்தக் காலத்தில் பலகாரம் வைக்கும் அலமாரியின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். தொட்டிக்கு நாலு கால் அடித்து, கீழே நாலு கிண்ணம், அதில் தண்ணீர். கொசு முட்டையிடாமல் இருக்க நாலு நாளுக்கு ஒருமுறை கொட்டி ஊற்றுங்கள். தொட்டி சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் எறும்பு சுவர் வழியாக வந்துவிடும்.

வாரம் ஒருமுறை மண்ணைக் கையால் கிளறி, காற்றுப் பட விட்டு, பழைய சருகை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். ஊசின வாசம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். நல்ல மண்ணுக்கு மழை பெய்த தோட்டத்து வாசம்தான் வரும், மூக்கே போதும். பூந்தொட்டியைத் தூக்கினால் கீழே ஈரத்தில் சாம்பல் நிறத்தில் சின்னப் பூச்சிகள் இருக்கும், தொட்டால் மிளகு மாதிரி உருண்டுகொள்ளும், பார்த்திருப்பீர்கள். மருந்து அடிக்காத தொட்டியிலிருந்து ஒரு பத்து இருபது பிடித்து உள்ளே விட்டால், பூஞ்சையையும் எச்சத்தின் மிச்சத்தையும் அவை தின்று தீர்க்கும். சிலவற்றை ஆமை தின்றுவிடும். நஷ்டமில்லை.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெரிய துப்புரவு. ஆமையை ஆழமான ஒரு டப்பில் விட்டுவிட்டு மண் மொத்தத்தையும் வாரி வெளியே எடுங்கள். பழைய மண் தென்னைக்கோ பூச்செடிக்கோ போகலாம், கொத்தமல்லி, கீரைப் பாத்திக்குப் போகக் கூடாது, காரணம் அடுத்த பத்தியில். காலித் தொட்டியை முதலில் சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். அப்புறம் திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வாடை சுத்தமாகப் போகும் வரை அலசி, வெயிலில் காய வையுங்கள். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒட்டுக்காக் கலக்காதீர்கள், விஷ வாயு கிளம்பும். ஃபினாயிலும் டெட்டாலும் ஊர்வனவற்றுக்கு ஆகாத சாமான்கள், கொஞ்சமாகப் போட்டாலும் ஆகாது.

ஆமை உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றைப் புரட்டிவிடும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள். எனவே தட்டு, கரண்டி, கடப்பைக்கல் எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், துணி துவைக்கும் கல்லுப் பக்கம் போங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயசுக்குள் குழந்தையோ கர்ப்பிணியோ வயசானவரோ இருக்கிற வீட்டில் அவர்களைத் தொட விடாமல் இருப்பதே நல்லது.

கோடையில் தொட்டியை மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். ஒரு ஓரம் 29, 30 டிகிரி, இன்னொரு ஓரம் 24 டிகிரி, இதுதான் இதற்குச் சுகம். 33-க்கு மேல் போனால் ஆபத்து. ஈரோட்டுச் சித்திரையில் அதற்குக் கீழே வைத்திருப்பது லேசில் நடக்காது. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, ஒரு ஓரத்தில் வைப்பது, பக்கத்தில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவது, இவை எனக்குக் கைகொடுத்தன. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கும் நாளை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டால் பாட்டிலை ராத்திரியே உறையப் போடலாம். மார்கழியில் விடிகாலை 18 டிகிரிக்கு இறங்கும். ஆமை சுணங்கும், தீனி குறையும். அதன் சொந்த ஊரில் பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கும் என்று படித்துவிட்டு இங்கே தூங்க வைக்கப் பார்க்காதீர்கள். நம் குளிர் அதற்குத் தூங்கவும் போதாது, தீனி தின்னவும் விடாது. ஜன்னலைச் சாத்தி, வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு ஒரு ஓரத்தில் மாட்டினால் அந்த ஒன்றரை மாதம் ஓடிவிடும். மற்றபடி கோவையில் சூடாக்கும் பல்பே எனக்குத் தேவைப்படவில்லை.

கண் வீக்கம், காதுப் பக்கம் கோலிக்குண்டு மாதிரிப் புடைப்பு, மூக்கில் குமிழி, ஓட்டில் நாற்றமடிக்கும் வெள்ளைத் திட்டு, இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல், ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். எங்கள் ஆமை தேறிவிட்டது. சுருங்கின கழுத்தும் அந்த நடையும் பார்த்து அம்மா அதற்கு அப்பாரு, அதாவது தாத்தா, என்று பேர் வைத்திருக்கிறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துப் போவோம். தண்ணீர் மாற்றணும், மூலைக்கு ஒரு டம்ளர் ஊற்றணும், தீனியை மறக்காமல் எடுக்கணும், அவ்வளவுதான் வேலை. போன வருடம் அக்கா ஆசையாக, "ஒரே மண்ணா கெடக்குதே, தொடச்சு வெக்கட்டுங்களா?" என்று போன் போட்டுக் கேட்டார். அதிலிருந்து தொட்டி மேலே ஒரு அட்டை தொங்குகிறது. அம்மாதான் தன் கையால் எழுதினார்: "மண்ணு மண்ணாவே இருக்கட்டும். ஃபினாயில் வேண்டாம்."